கதவு நிலையில் நான் வளர்த்த இரண்டு சென்டிமீட்டர்

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் தம்போயில் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், "கர்த்தர் என் மகள் ஷாலினியை மூன்றே மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர் வளரச் செய்தார்" என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். சபையாராகிய நீங்கள் கைதட்டினீர்கள். அந்த இரண்டு சென்டிமீட்டரை வளர்த்தவன் நான். அவள் தலையில் வைத்த வேதாகமத்தைச் சற்றே சாய்த்து, கதவு நிலையில் பென்சில் கோடு போட்டேன். ஜெபித்தும் பலன் தெரியவில்லை. கடவுளின் மானத்தை நான் காப்பாற்றப் பார்த்தேன்.

பதினோரு வயதில் ஷாலினிதான் வகுப்பிலேயே குட்டை. மனைவி கவலைப்பட்டபோதெல்லாம், "நம்ம குடும்பமே கட்டைதானே" என்று என்னையே ஆதாரமாகக் காட்டி அவள் வாயை அடைத்திருந்தேன்.

அன்று கைதட்டாதவர் ஒருவர்தான்: ஓய்வுபெற்ற தாதி எஸ்தர் அக்கா. கூட்டம் முடிந்ததும் பள்ளிச் சுகாதாரப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஷாலினியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்.

"என்னா தம்பி, போன வருசம் எழுதுன அதே அளவுதான் இருக்கு. பொறந்தப்ப கை, கால் வீங்கியிருந்திச்சா?"

"ஆமாக்கா," என்றாள் மனைவி.

"காதுல அடிக்கடி சீழ் வருமா?"

"வரும்க்கா."

"அலமாக், ஐயோ! சாட்சி சொன்னது போதும். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

கிளினிக்கில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: டர்னர் சிண்ட்ரோம். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும், இவளுக்கு ஒன்றுதான். யாருடைய தப்பும் இல்லை என்றார் டாக்டர். வளர்ச்சிக்கு ஊசி உண்டு, வயதுக்கு வர மருந்து உண்டு, குழந்தை பெறுவதுதான் கடினம் என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் டாக்டர் இதயத்தைப் பற்றிச் சொன்னார். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பெரிய ரத்தக்குழாய் குறுகியிருக்குமாம். உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

உயரம் உயரம் என்று கர்த்தரை நச்சரித்தவன் அவள் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று ஜெபித்தேன். அலங்காரம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, கோடு போட்டது நான். அவள் எவ்வளவு உயரம் இருந்தாலும் சரி. உயிரோடு இருக்கட்டும்."

கதவு திறந்தது. ரத்தக்குழாய் நன்றாக இருந்தது. தவறாமல் வந்து காட்டினால் போதும் என்றார்கள். நான் அழுதேன். கேட்ட உயரத்தைக் கர்த்தர் அன்று தரவில்லை. என் பொய்க்கு நேர் எதிரே ஒரு தாதியை உட்கார வைத்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் பிள்ளை வளராமல் நின்றால் ஜெபியுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். முழங்காலிலிருந்து எழுந்ததும் கிளினிக்குக்குப் புறப்படுங்கள். அவர் கைவிடமாட்டார்.

இப்போது தினமும் மாலையில் ஷாலினி குளிர்பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துத் தானே தொடையில் போட்டுக்கொள்கிறாள். அதற்கு முன் நான் ஜெபிக்க வேண்டும். நேற்று தாதி, டாக்டர், ஸ்கேன் எடுத்தவர் என்று ஒவ்வொருவருக்காகவும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க லா. மருந்து சூடாயிடும்."