சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய தலை

கைபேசி சோதனைக்கூடத்தில் அவளுக்குச் சர்க்கரை அக்கா என்று பெயர். அங்கே மேசையில் கண்ணாடியிழைப் பொம்மைத் தலை ஒன்று படுத்திருக்கும். அதற்குள் மூளைக்குப் பதிலாகத் தண்ணீரும் சர்க்கரையும் உப்பும் கலந்து ஊற்றுவது அவள் வேலை. காதோடு கைபேசியை ஒட்டவைத்து ஓடவிட்டால், இயந்திரக் கை ஒன்று திரவத்துக்குள் ஊசியை நகர்த்தி, கதிர்வீச்சு எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளக்கும். அந்த அளவு ஒன்று புள்ளி ஆறு என்ற வரம்பைத் தாண்டினால் அந்தக் கைபேசி கடைக்குப் போகாது. பதினெட்டு வருடமாக இந்தத் தலையோடுதான் குப்பை கொட்டுகிறாள். "எதிர்த்துப் பேசாத ஒரே ஆம்பிளை இவன்தான்" என்பாள்.

கவலை கொடுத்தது நாத்தனார்தான். கணவனின் அக்கா, தனிக்கட்டை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்க்கும்வரை இரண்டு மணி நேரம் தரையில் கிடந்தாள். அப்படியும் கைபேசி வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூளை வெந்துவிடுமாம். மறுபடி விழுந்தால் யாருக்குத் தெரியும்? சர்க்கரை அக்கா மேலாளரைக் கெஞ்சி அனுமதி வாங்கி, அவளைக் கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டாள்.

"அண்ணி, உடம்புக்குக் கெடுதல்னு தெரிஞ்ச அளவுக்கு எவ்வளவோ கீழதான் இந்த வரம்ப வச்சிருக்காங்க."

"காட்டு, பாக்கறேன்."

புதிதாக வந்த ஒரு கைபேசியைப் பொருத்தினாள். அரைமணி நேரத்தில் திரையில் எண் விழுந்தது. ஒன்று புள்ளி நான்கு. "பாஸ்!" என்று குதித்தாள். நாத்தனாரின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

தலையை மூடப் போனபோதுதான் கவனித்தாள். உள்ளே காதுப் பக்கம் ஒரு காற்றுக் குமிழி. அளக்கும் முன்பே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிட்டாள். குமிழி இருந்தால் எண்ணை நம்ப முடியாது. நாளைக்குச் சத்தமில்லாமல் மறுபடி அளந்தால் வேலையும் கெடாது, நாத்தனாரும் சம்மதித்திருப்பாள். ஆனால் மனசு கேட்கவில்லை.

"அண்ணி, இது செல்லாது. தப்பு என்னோடது. திரும்ப அளக்கணும்."

குமிழியை எடுத்துவிட்டு அளந்தாள். ஒன்று புள்ளி ஏழு. சிவப்பு எழுத்து. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசை ஆசையாகக் கூட்டிவந்து நாமே கெடுத்துக்கொண்டோமே என்று தலை குனிந்துகொண்டாள்.

நாத்தனார் எண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத என்ன பண்ணுவ?"

"திருப்பி அனுப்பிடுவோம்."

"செஞ்சவன் கோச்சுக்க மாட்டானா?"

"கோச்சுக்கட்டும் அண்ணி."

"அப்ப நீ பாஸ் போட்டதுல ஒண்ணு வாங்கிக் குடு. எழுத்து பெருசா தெரியணும்."

வாங்கிக் கொடுத்த மறுநாள் மாலைக்குள் நாத்தனாரிடமிருந்து ஆறு அழைப்பு வந்தாயிற்று. ஏழாவதில் சர்க்கரை அக்கா பதறிப்போனாள். "என்னாச்சு அண்ணி, விழுந்துட்டீங்களா?"

"ஒண்ணுமில்லடி. நல்லா இருக்கேன். அதச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."