இளங்கோ அனுப்பிய மாற்றம்

அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்து எங்கே தப்பு என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு; இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நம் வார்த்தையை யாரும் ஆசையோடு எதிர்பார்ப்பதில்லை.

பேப்பர் திருத்துற வேலை

நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட். ஒருநாள் எங்கள் தெருவில் கேபிள் அறுந்து நெட் போய்விட, லேப்டாப்போடு அடுத்த பிளாக் வசந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். புரோகிராம் பாதியில் நின்றுபோனால் காரணம் தேட டீபக்கர் என்று ஒரு கருவி உண்டு. அதில் ஒரு கட்டளை கொடுத்தால், கணினி உள்ளுக்குள் செய்வதை அடி அடியாகப் பிரித்துக் காட்டும். அந்தக் கட்டளையில் மற்றவர்கள் செய்யும் மாற்றங்களைப் படித்து ஒப்புதல் தருவது நான் என்றேன்.

அக்கா காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: "பேப்பர் திருத்துற வேலைன்னு சொல்லேன். ஏன் இவ்ளோ சுத்தி வளைக்கிற?"

இரண்டு துண்டு

இளங்கோ வடலூர்க்காரர். என்னைவிடச் சின்னவர், அதே கம்பெனி, அவரும் வீட்டிலிருந்துதான் வேலை. நாம் எழுதுவதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர், சில நேரம் ஒரு பகுதியை இரண்டாக வெட்டி, அரிதாகத் தேவைப்படும் துண்டை வேறெங்கோ வைத்துவிடும். எங்கள் கட்டளை முதல் துண்டை மட்டும்தான் காட்டிவந்தது. இரண்டையும் காட்டும்படி இளங்கோ மாற்றி அனுப்பினார். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. படிப்பவர் ஒரே துண்டு என்று ஏமாந்துபோவார். நடுவே ஒரு கோடு போடுங்கள், ஒவ்வொரு வரியும் முதல் துண்டின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் காட்டுங்கள் என்று எழுதினேன்.

உடனே போன் வந்தது. "நீங்க சொல்றது சரிங்க்கா. ரெண்டு நாளா இதையே பாத்துகினு இருந்தேன், என் கண்ணுல படல. மாத்தி அனுப்பறேன்."

ஒரு வாரம்

சொன்னபடி அனுப்பினார். மறுநாளே செய்தி வந்தது. குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு நின்றுபோனது.

புதுப் பதிப்பு வெளியாகும் நாள் நெருங்கியது. எழுதியவர் கடைசியாக ஒருமுறை பார்த்த பிறகே எதையும் சேர்ப்போம்; அதற்குக் காத்திராமல், இளங்கோவின் மாற்றத்தைக் கைவிட்டு நீங்களே புதிதாக எழுதிவிடுங்கள் என்றார் மேலாளர். நான் படித்தவரை அதில் குறை எதுவும் தெரியவில்லை. அவர் வந்து பார்க்கட்டும், ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டேன். மேலாளர் கெட்டவர் இல்லை. தயங்கித்தான் சொன்னார்: "பொறுக்கலாங்க. அவர் வருவாரான்னு டாக்டருக்கே தெரியலையே."

வடலூரில்

இளங்கோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி கலைச்செல்வி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூப்டா திரும்பிப் பாக்கறாருங்க. நாம சொல்றது உள்ள போவுதா இல்லியான்னே தெரியல."

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் லேப்டாப்பைத் திறந்து அவருடைய மாற்றத்தைக் காட்டினேன். "நல்லா வந்திருக்கு இளங்கோ. ஒப்புதல் கொடுத்துடப் போறேன்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை இல்லை என்று மெல்ல அசைத்தார். இடது கையைத் தூக்கி, திரையில் ஒரு வரிமேல் விரலை வைத்தார். நான் கேட்டதற்காக அவர் சேர்த்த வரி அது, எவ்வளவு தள்ளி என்று கணக்கிடுவது. திரும்பப் படித்தேன். இரண்டாவது துண்டைக் கம்பைலர் முதல் துண்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தால்?

"கணக்கு மைனஸ்ல போய்த் தப்பா காட்டும். அதானே?" என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.

"என்னாங்க்கா சொல்றாரு?" என்றார் கலைச்செல்வி.

"நான் பார்க்காம விட்ட தப்பைக் காட்டுறார்."

கலைச்செல்வி கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அழுகை நிற்கவில்லை. "அப்ப உள்ளதான் இருக்காரு. எங்கியும் போவல." இளங்கோவின் கண்ணும் வழிந்தது, என் கண்ணும்தான்.

அந்த வரியைத் திருத்தி, மாற்றத்தை இளங்கோ பெயரிலேயே சேர்த்தோம். இப்போது இடது கையால் தட்டச்சு பழகுகிறார். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

தப்பைச் சுட்டிக்காட்டினால் முகம் சுளிக்கிற இந்தத் தொழிலில், அதற்காக மூன்று பேர் சந்தோஷப்பட்டு அழுததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.