மாமனாரின் வயல், மருமகனின் உரம்

எண்பதுகளின் தொடக்கம். கண்டியில் எனக்கொரு சின்னப் புடவைக்கடை. மருதமுனைக் கைத்தறிச் சாரனை, லுங்கியைத்தான் சொல்கிறேன், நெசவாளர் வீட்டிலேயே வாங்கினால் மலிவு என்று யாரோ சொல்ல, ஒரு மாரிக்காலத்தில் அதற்குப் பக்கத்திலுள்ள கல்முனைக்கு பஸ் ஏறினேன். விடியற்காலையில் ஏறினால் பின்னேரம்தான் இறங்கலாம். டிக்கெட் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதை விடுங்கள். முறிந்த இடுப்புக்குத்தான் விலை இல்லை.

சாரன் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மறுநாள் சும்மா கிடப்பானேன் என்று, தேநீர்க்கடையில் பழக்கமான முகைதீன்பாவா நானாவோடு புறப்பட்டேன். ஐம்பது வயது தாண்டியவர், மூத்தவரை நாங்கள் நானா என்போம். நாவிதன்வெளியில் நாலு ஏக்கர் வெள்ளாமை செய்கிறார். வாடகைக்கு ஒரு டிரக்டர் பிடித்திருந்தார். முதலில் சம்மாந்துறையில் யூரியா எடுத்துக்கொண்டு, பிறகு வயலுக்கு.

“மழை எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிட்டுது தம்பி. பயிர் மஞ்சளடிச்சு நிக்குது. இண்டைக்கு உரம் போடாட்டி இந்தப் போகம் அவ்வளவுதான்” என்றார்.

உரக் களஞ்சியத்து வாசலில் நீண்ட வரிசை. வெள்ளைச் சாரன், மினுங்குகிற சப்பாத்து, கையில் குடை. ஒருவர் காலிலாவது சேறு இருக்க வேண்டுமே! சேற்றுக்கால்காரர்கள் எல்லாரும் எதிரே வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார்கள். நானாவும் போய் அவர்களோடு குந்திக்கொண்டார்.

“என்ன நானா, வரிசையில நிக்கலையா?”

“காணி யார்ட பேர்ல இருக்கோ, அவங்களுக்குத்தான் அரசாங்கம் மானிய விலையில குடுக்கும். எங்களுக்கு அங்க என்ன வேலை?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதென்ன அநியாயம்? வயலில் இறங்குகிறவன் மரத்தடியில், இறங்காதவன் வரிசையிலா?

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் அத்தர் மணக்க ஓர் இளைஞன் வந்தான். நேரே வரிசைக்குப் போய், உரத்தை எடுத்து, நம் டிரக்டரிலேயே ஏற்றுவித்தான். நல்ல பிள்ளை என்று நினைத்து முடிக்கவில்லை, நானாவிடம் கையை நீட்டினான்.

“கடை விலைதான் மாமா. ஒண்டும் கூட எடுக்கல்ல.”

மானிய விலைக்கு வாங்கி, அந்த இடத்திலேயே கடை விலைக்கு! எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் தம்பி, உமக்கு வெட்கமா இல்லையா? வாழ்க்கையில ஒரு நாளாவது வரம்பு மிதிச்சிருக்கிறீரா?” என்று பாய்ந்தேன்.

நானா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். “கதைக்காதீங்க தம்பி.” மடியிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார்.

டிரக்டர் ஊரைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். “அவர் என்ட மருமகன்.”

“யா அல்லாஹ்! அப்ப அந்தக் காணி?”

“என்டதான். மூத்த மகள்ட கலியாணத்துக்குச் சீதனமா எழுதினன். வீடு வயல் குடுக்காம எங்கட ஊர்ல குமர்ப்பிள்ளை கரை சேருமா?”

“உங்கட வயலுக்கு நீங்களே குத்தகையும் குடுக்கிறீங்களா?”

“ஓம்.”

அவ்வளவுதான். ஏதோ மழை பெய்யுதா என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி ஒரு ஓம். குத்தகையும் உரக்காசும் வாங்குவது மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “தெரிஞ்சா புருசனோட சண்டைதான் வரும். அவள் நிம்மதியா இருக்கட்டும்” என்றார். வயலில் இறங்கி அவர் உரம் வீசுவதை வரம்பில் நின்று பார்த்தேன்.

நீங்கள் போவதென்றால் மாரியில் நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கிப் பாதையில் வெள்ளம் பாயும், ஊர்க்காரரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள். சாரன் வாங்கக் காலையிலேயே போங்கள். உர வரிசையைக் கண்டு, மானியம் விவசாயிக்குப் போய்ச் சேருகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எதிரே மரத்தடியையும் ஒருதரம் பாருங்கள்.

மறுநாள் பஸ் ஏற்றிவிட நானா வந்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். இளைய மகளுக்கும் பேசி முடிந்துவிட்டதாம். வெள்ளாமை வெட்டியதும் கலியாணம், கட்டாயம் வர வேண்டுமாம்.

“இனி எழுதிக் குடுக்க என்ன இருக்கு நானா?”

“இருக்கிற வீடு இருக்கே.”

“அப்ப நீங்களும் வீட்டுக்காரியும் எங்க போறது?”

“என்ன கேள்வி தம்பி இது? பெத்த வாப்பாவ மகள் வெளியில போட்டிடுவாளா?” என்று சிரித்தார்.