‘சாகு’ என்று என் காதில் விழுந்தது

மார்பில் புற்றுநோய் என்று சொன்ன அன்று நான் டாக்டரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் என் கணவர்தான். நாங்கள் சாமல்பட்டிப் பக்கம். அவருக்குக் கம்பெனி வேலை கிடைத்ததால் ஓசூருக்குக் குடிவந்தோம். பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூட அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். கன்னடம் சுத்தமாகத் தெரியாது. ஊர் பழகுவதற்குள் நோய் வந்துவிட்டது.

பெங்களூரில் வைத்தியம். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் உடம்பு துவண்டுவிடும். பச்சைத் தண்ணீர்கூடக் கசக்கும். என் முடி கொட்டியபோது நான் அவ்வளவு அழவில்லை. என் மகள் என்னிடம் வராமல் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாளே, அன்றுதான் உடைந்து போனேன். மாரியம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “தாயே, இவ பெரியவளாகிற வரைக்கும் என்னை விட்டு வை.”

பங்குனி மாதம். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் அரை மயக்கத்தில் கிடந்தேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, “சாகும்மா, சாகு” என்றார். கன்னடத்தில் இன்னும் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சாகச் சொல்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்! அம்மனின் முடிவு இதுதான் என்று நினைத்தேன். கண்ணை மூடி, “சரி தாயே, என் மகளைப் பாத்துக்கோ. என்னை மட்டும் தனியா விட்டுடாதே” என்று வேண்டினேன்.

அப்போது ஒரு கை என் கையைப் பிடித்தது. பக்கத்துக் கட்டில் ஜெயம்மா. ஆனேக்கல்காரர், தமிழும் பேசுவார். அவருக்கும் இதே நோய்தான்.

“ஏன் தங்கி அழறே?” தங்கச்சியை அவர்கள் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“செத்துருவன்னு சொல்லிட்டாங்கக்கா.”

“அய்யோ! கன்னடத்துல சாகுன்னா போதும்னு அர்த்தம். கட்டி சின்னதாயிடுச்சு, ஊசி போதும், இனி ஆபரேஷன்னு சொல்றாங்க.”

நான் அழுதேன், சிரித்தேன், மறுபடியும் அழுதேன். ஜெயம்மா கையை விடவே இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துக்கொண்டேன். மகள் இப்போது என் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு செக்கப்புக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் பழைய ஆள் நான் இல்லை. கன்னடம் கற்றுக்கொண்டேன். குருபரப்பள்ளி, மத்தூர் பக்கத்திலிருந்து நோயோடு வரும் பெண்களை நானே பஸ்ஸில் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டரிடம் அவர்களுக்காகக் கேள்வி கேட்கிறேன். என் கணவர்கூட, “வாயே தொறக்காத ஆளு, இப்ப மூடவே மாட்டேங்கிற” என்று கிண்டல் செய்கிறார்.

ஜெயம்மா பிழைக்கவில்லை. அடுத்த ஆடியில் போய்விட்டார். அவரும் என்னைப் போலத்தான் சாமி கும்பிட்டார். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அம்மனிடம் சண்டையே போட்டிருக்கிறேன். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைசி நாட்களில் அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நோயோடு இதைப் படிக்கும் அக்கா, தங்கச்சி, அம்மனிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பக்கத்துக் கட்டிலையும் ஒருமுறை பாருங்கள். என் தாய் எனக்கு அனுப்பிய பதில் அங்கேதான் படுத்திருந்தது.