என் டாக்டர் திட்டுவதை நிறுத்தினார்

சர்க்கரை நோய் வந்த பஸ் ஓட்டுநரை ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த என் டாக்டர், எல்லாருக்கும் சேர்த்து அவரே திட்டிவிடுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து ரயிலேறிப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

"பரோட்டாவை விட்டீங்களா இல்லையா?"

"குறைச்சுட்டேன் டாக்டர்."

"குறைச்ச மூஞ்சியா இது? ஷூவைக் கழட்டுங்க."

கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொடுவார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். சர்க்கரை கூடினால் காலில் உணர்வு போகும், பஸ்காரனுக்கு வலது கால் போனால் வேலையும் போகும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். வெளியே இருபது பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு எதிர்வரிசையில் புதிய கிளினிக் ஒன்று திறந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் காக்க வேண்டாம் என்று வாசலில் பலகை. காய்ச்சலுக்கு ஒரு நாள் அங்கே போனேன். இளம் டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். சர்க்கரை இருப்பதைச் சொன்னேன். "உங்க வயசுக்கு ஹெல்த்த நல்லா வச்சிருக்கீங்க அங்கிள்" என்றார். ஐம்பத்தாறு வயதில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, வீட்டில்கூட. கிளம்பும்போது கவுண்டர் பெண் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னாள். போட்டேன்.

அடுத்த முறை என் டாக்டரிடம் போனபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "எதிர்ல பத்து நிமிஷம்தான் டாக்டர். நல்லாவும் பேசுறாங்க லா."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அன்று வெளியே நாலு பேர்தான் இருந்தார்கள்.

அதன்பின் அவர் மாறிவிட்டார். பரோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை. ஷூவைக் கழற்றச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, புடவைக் கடையில் பேசுகிற குரலில், "கொஞ்சம் கூடியிருக்கு, பாத்துக்குங்க" என்றார். ஏழு நிமிடத்தில் வெளியே வந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். நேராகப் போய் மூன்று பரோட்டா சாப்பிட்டேன். ஒன்றரை வருடம் நானும் அவரும் மிகவும் மரியாதையாகப் பழகினோம்.

அதன் முடிவில் வலது ஷூவுக்குள் ஒரு சிறு கல்லோடு நான்கு நாள் பஸ் ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலுறையைத் துவைக்க எடுத்த மனைவி, இதென்ன ரத்தம் என்று கேட்டாள். மருத்துவமனையில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியதும், நான் வண்டி ஓட்டலாம் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கம்பெனி கேட்டது. என் டாக்டரிடம் போனேன். பத்து இடத்தில் தொட்டார். மூன்று முறை "தெரியுது" என்றேன். அதில் இரண்டு பொய்.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"நீங்க முன்ன மாதிரி திட்டியிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது டாக்டர்."

"திட்டியிருந்தா எதிர்ல போயிருப்பீங்க." நைலான் இழையை மேசையில் வைத்தார். "அப்பவும் திட்டியிருக்கணும். என் தப்புதான்."

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. போயிருப்பேன் என்பது எனக்கே தெரிந்திருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது.

தெருவைக் கடந்து எதிர் கிளினிக்குக்குப் போனேன். இளம் டாக்டர் எழுந்து நின்றார். "சுகர் கன்ட்ரோல்ல இருக்கா அங்கிள்?"

"இருக்கு."

காலைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம்.

வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். பள்ளிப் பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறியிருந்தார்கள். நான் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றேன். வழியில் யாரோ கைப்பேசியைப் பார்த்தபடி சாலையில் இறங்க, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் என் வலது காலைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். அழுத்துகிறேனா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன்.