கல்லில் ஐந்து, முந்தியில் ஆறு

எதையும் பாதி வரைந்தால் போதும், மீதி தானாக வந்துவிடும் என்று ஏழாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். அந்த முட்டாள்தனத்துக்கு ஒரு வாசனைகூட உண்டு: கட்டம் போட்ட தாளின் மீது சிவப்புப் போஸ்டர் கலர் காயும்போது கிளம்பும், லேசாகப் புளித்த கோந்து வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஸ்டேஷனரிக் கடையில் அது மூக்கில் ஏறினால் வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு டிசைன் போடும் வேலை. காஞ்சிபுரம் பட்டில் நீங்கள் பார்க்கும் மயிலும் மாங்காயும் முதலில் அந்தக் கட்டத்தாளில்தான் பிறக்கும். பிறகு அதைப் பார்த்து அட்டைகளில் துளை அடித்துத் தறியின் தலைமேல் மாட்டுவார்கள். முந்திக்குப் போகும் பெரிய பூவில் அப்பா பாதியைத்தான் வரைவார். தறியில் கயிறு கட்டியிருக்கும் விதத்தில் மறுபாதி, கண்ணாடியில் பார்த்ததுபோல, நெசவில் தானே விழும். இதையே பார்த்து வளர்ந்த நான், பள்ளிக்கூடத்தில் பட்டாம்பூச்சிக்கு ஒரு பக்கத்துச் சிறகை மட்டும் வரைந்துவிட்டு, "மீதி தறியில வந்துடும் மிஸ்" என்று சொல்லி, வகுப்புக்கு வெளியே நின்றவன்.

எங்களுக்கு வேலை கொடுப்பவர்களில் பெரிய கை ஒரு பட்டு வியாபாரி. தெருவே அவரை "பாய்" என்றுதான் கூப்பிடும். அவருடைய மகள் ஷமீமா அக்கா சென்னையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். நிக்காஹ் நிச்சயமான கையோடு ஒருநாள் பாயுடன் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். பன் போல உப்பிய சாம்பல் நிறக் கல். அதன் முதுகில் ஐந்து இதழ் விரித்த ஒரு நட்சத்திரம். கல்லூரியில் அரியலூர்ப் பக்கம் கூட்டிப்போனபோது சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொறுக்கியதாம்.

"மயிலு வேணாம், மாங்கா வேணாம் அங்கிள். கல்யாணப் பொடவை முந்தியில இதான் வரணும்."

"கல்லையாம்மா கட்டிக்கப் போற?" என்றார் பாய்.

"கடல் முள்ளெலி அத்தா இது. நட்சத்திரமீனுக்குச் சொந்தம்."

"உசுரு உள்ளதா? உருவமெல்லாம் போட வேணாம்மா."

"உசுரு போயி பல கோடி வருஷம் ஆச்சு. இப்ப வெறும் கல்லுதான்."

பாய் சிரித்துவிட்டார். பெரியவர்கள் ஜரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா எனக்குக் கதை சொன்னாள். அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். இந்தக் கூட்டத்தின் ஆதி முன்னோர்கள் அதற்கும் எத்தனையோ கோடி வருஷம் முந்தியவர்களாம். அந்தப் பழைய கற்களில் எல்லாருக்கும் ஐந்து கிடையாது. சிலது கோணல்மாணலாக இருக்கும், சிலதுக்கு மூன்றே வரி. ஐந்து என்பது பிற்பாடு நிலைத்த வழக்கம். ஆனால் நட்சத்திரமீன் குஞ்சு இன்றைக்கும் நம்மைப்போல இடம் வலம் என்று இரண்டு பக்கத்தோடுதான் கடலில் மிதக்குமாம். பிறகு அதன் இடது பக்கத்திலிருந்து ஐந்து கை உள்ள புது உடம்பு கிளம்புமாம். நத்தையைவிட அது நமக்குத்தான் நெருக்கமாம்.

"அப்ப நமக்குச் சொந்தக்காரங்களாக்கா?"

"தூரத்துச் சொந்தம்பா. பத்திரிகை வெக்க வேணாம்."

கல்லை மாதிரிக்கு எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒரு பக்கத்திலிருந்தே முழு உடம்பு கிளம்புகிறது என்பது மட்டும் என் மண்டையில் ஆணியடித்தாற்போல் நின்றது. பார்த்தீர்களா, கடலும் எங்கப்பா தொழிலைத்தான் செய்கிறது!

அந்த வாரம் பார்த்து அப்பாவுக்கு "மெட்ராஸ் ஐ" வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணில் நீர் வழியப் படுத்திருந்தவர், "பெரிசா ஒண்ணும் இல்லடா, அந்தக் கல்லுல பாதிய அப்படியே தாளுல எறக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லை வைத்து நடுக்கோடு கிழித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு முழு இதழ், கோட்டை ஒட்டி ஒரு அரை இதழ். அந்த அரை இதழ் யாரோ கடித்துப் போட்டதுபோல இருந்தது. பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு அரைகுறையாகப் போடுவதா என்று பெருந்தன்மையோடு அதையும் முழுசாக்கி, கோட்டைவிட்டுத் தள்ளி வரைந்தேன். அப்பா கலங்கிய கண்ணோடு தாளைத் தூக்கிப் பார்த்து, "சாயம் வழியல, நல்லாருக்குது" என்று அட்டை அடிக்க அனுப்பிவிட்டார்.

தறி ஐயம்பேட்டையில், ஏகாம்பரம் அண்ணன் வீட்டில். முந்தி நெய்து முடியப் போகிறது என்று சொல்லியனுப்பியதும் அப்பாவும் நானும் ஷேர் ஆட்டோவில் போனோம். அரக்குச் சிவப்பில் ஜரிகை நட்சத்திரங்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. பெருமையாக எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பக்கத்துக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு.

"அப்பா, ஒண்ணு அதிகமா இருக்குது."

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஏகாம்பரம் அண்ணன், "குடுத்த அட்டைய மாட்டித் தறிய மிதிச்சேன்பா. பூ அம்சமாத்தானே கீது?" என்றார். அந்தப் பாவு நூலில் அதுதான் கடைசிப் புடவை; அவிழ்த்துத் திரும்ப நெய்ய இழையும் இல்லை, நாளும் இல்லை. அப்பா என்னைப் பார்த்து, "பாதி போடச் சொன்னா உன் பங்குக்கு மொய் வெச்சியா?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை. பாய் கையை உதறினால் எங்கள் வீட்டில் வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

புடவையைக் கொடுக்கப் போன காலையில் என் பாக்கெட்டில் ஒரு வாதம் தயாராக இருந்தது. முன்காலத்தில் மூன்று இருந்ததென்றால் ஆறும் இருந்திருக்கலாம், அந்தக் கல்லை இன்னும் யாரும் தோண்டவில்லை, அவ்வளவுதான். அப்பா நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாய் முந்தியை விரித்து, "மாஷா அல்லாஹ்!" என்று மகளைக் கூப்பிட்டார். ஷமீமா அக்கா வந்து உட்கார்ந்தாள். ஒரு நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் இதழ் இதழாக நகர்ந்தது. அப்பா சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டார். என் வாதமும் பாக்கெட்டிலேயே கிடந்தது. கடைசி இதழில் விரல் நின்றது. அக்கா ஒன்றும் சொல்லாமல் புடவையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தில் அதைத்தான் கட்டியிருந்தாள். பிரியாணி எனக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பாய் கடையிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் அது வேலையை நிறுத்தச் சொல்லத்தான் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் புது டிசைன் கேட்கத்தான் வந்தார்கள். ஆனாலும் பயம் மட்டும் என்னோடு கல்லூரி வரைக்கும் படித்தது.

இப்போது கட்டத்தாள் இல்லை, போஸ்டர் கலர் இல்லை. மறுபாதியைக் கம்ப்யூட்டரே திரையில் போட்டுக் காட்டிவிடுகிறது, என்னைப் போன்றவர்களுக்கு வேலை வைக்காமல். பல கோடி வருஷம் தாங்கிய கல், நாங்கள் வாடகை வீடு மாறிய ஒரே தடவையில் தொலைந்துபோனது. போன மாதம் ஆம்பூரிலிருக்கும் ஷமீமா அக்காவின் நம்பர் கிடைத்தது. நலம் விசாரித்துவிட்டு, அத்தனை வருஷமாக அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்: "ஆறு இருந்ததே, எண்ணிப் பார்த்துட்டும் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"எண்ணினேனா? அன்னைக்கு இருந்த படபடப்புல நான் மாப்பிள்ளை போட்டோவையே சரியா பாக்கலப்பா."