ஒரு நாற்காலிக்காக மாறிய எடிஷன்

புதுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை அவர் கட்டைவிரல் நகத்தால் கிழித்த விதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யார் கையும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் மேசையில் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, எங்களைக் காக்க வைத்து, மெதுவாகக் கிழித்தார். எங்கள் ஊர் பாச்சாங்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியறை அது. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் நேராக அங்கேதான் போவேன். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எங்கள் விளையாட்டை நடத்துகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே பேசி, பகடை உருட்டி, ஒரே கதையை வருடக்கணக்கில் ஆடுகிற விளையாட்டு இது. கதையை மாஸ்டர் நடத்துவார். எது செல்லும், எது செல்லாது என்பதற்கு விதிப்புத்தகம் உண்டு. வெளியிடுகிறவர்கள் எப்போதாவது எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிப் புது எடிஷன் போடுவார்கள். அப்போது பழைய பாத்திரங்கள் பொருந்தாமல் போகும். அன்று வந்தது அப்படிப்பட்டதல்ல. விதிகளைத் திருத்தியிருந்தார்கள், பழைய பாத்திரங்களை வைத்தே ஆடலாம் என்று முன்னுரையிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியும் இது புது எடிஷனா, வெறும் திருத்தமா என்று ஆட்டக்காரர்கள் இணையத்தில் அடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மேசையில் அதை முதலில் கேட்டவர் பல் டாக்டர். தன் மந்திரவாதி அவருக்கு அலுத்துப்போயிருந்தான். புது எடிஷன் என்றால் வேறு ஆளை உருவாக்கிக்கொள்ளலாமே என்றார். மாஸ்டர் புத்தகத்தை மூடாமலே, "இது புது எடிஷன் இல்ல டாக்டர். அதே எடிஷன்தான், கொஞ்சம் திருத்தியிருக்காங்க. உங்க ஆளு அப்படியே இருப்பான்" என்றார். டாக்டர் முணுமுணுத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் அக்கா எங்களோடு இல்லை. சொந்த அக்கா அல்ல; சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவருடைய பாத்திரம் ஒரு ஓடக்காரி. எதிரியைக்கூட ஓடத்தில் ஏற்றி, நடு ஆற்றில் வைத்துப் பேசியே பணிய வைப்பாள். அந்தப் புத்தகம் வருமுன்பே, அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, இனி வர முடியாது என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க போய் அம்மாவப் பாருங்க. இந்த எடிஷன் ஓடுற வரைக்கும் உங்க நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். அன்று அவரை நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அம்மா இறந்து, கருமக்கிரியை எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா திரும்பி வந்தார். கையில் எங்களுக்காக ஒரு டப்பா நிறைய குவே பலகாரம். அவருடைய நாற்காலியில் மாஸ்டருடைய ஆபீஸ் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். சில வாரங்களாக அவர்தான் அங்கே.

"என் ஓடக்காரி எங்க மாஸ்டர்? இன்னும் ஆத்துலதான் நிக்கிறாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அக்கா.

"அது பழைய எடிஷன்லா. இப்ப புது எடிஷன் வந்துருச்சு. அந்தக் கணக்கெல்லாம் முடிஞ்சுது."

அக்கா மேசையைப் பார்த்தார். எங்கள் முன்னால் அதே பழைய பாத்திரத் தாள்கள், காப்பிக் கறையோடு. "இவங்கல்லாம் பழைய ஆளுங்கள வச்சுத்தானே ஆடுறாங்க?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "என்கிட்ட புது எடிஷன் இல்லன்னு சொன்னீங்களே, மாஸ்டர்."

"நீங்க கேட்டது ரூல் விஷயம். இது டேபிள் விஷயம். ரெண்டும் வேற."

மேனேஜருக்கே கூச்சமாகிவிட்டது. "நான் வேணும்னா எழுந்துக்கிறேன்" என்று பாதி எழுந்தார். "ஐயோ, நீங்க உட்காருங்க சார்!" என்று மாஸ்டர் பதறிய அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"அம்மாவப் பாக்கப் போகச் சொன்னீங்களே, அது எந்த எடிஷன்?" என்று கேட்டேன்.

"என் டேபிள். பிடிக்கலன்னா படிக்கட்டு அங்க இருக்கு."

நான் எழுந்தேன். டாக்டர் எழவில்லை, பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு குனிந்திருந்தார். படியிறங்கும்போது அக்கா அழவில்லை. "அம்மா போன அன்னைக்குக்கூட, திரும்பிப் போக ஒரு எடம் இருக்குன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் புத்தகத்தை நானும் வாங்கி முழுக்கப் படித்தேன். காயம் ஆற்றும் மந்திரங்களுக்கு வலு கூடியிருந்தது, சில ஆயுதங்களுக்குப் புதுத் திறமைகள் வந்திருந்தன. அவ்வளவுதான். ஓடக்காரியைப் புதுத் தாளுக்கு மாற்ற ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. நேற்றுவரை ஆடிய பாத்திரம் இன்று அப்படியே வந்து உட்கார முடிந்தால் அது அதே எடிஷன்தான் என்பது என் முடிவு. வேறு விதமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. மாஸ்டருக்கு அப்படி ஒரு கருத்தே கிடையாது. டாக்டரை மடக்க ஒன்று, அக்காவை வெளியேற்ற இன்னொன்று. விதி தெரியாமல் தப்புச் செய்திருந்தால் விட்டுவிடலாம். எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் விதி நன்றாகத் தெரியும்.

இப்போது அக்கா வீட்டில் ஆடுகிறோம், திருத்திய புத்தகத்தை வைத்தே. டாக்டரும் பிறகு வந்து சேர்ந்துகொண்டார். போன மாதம் தங்கா பத்து என்ற ஊரில் ஒரு கல்யாண விருந்தில் மாஸ்டர் தட்டோடு எங்களிடம் வந்தார். மேனேஜருக்கு ஜொகூருக்கு மாற்றல் வந்துவிட்டதாம், மேசை கலைந்துவிட்டதாம். "எனக்கும் ஒரு எடம் பாருங்கலா. பழசெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "எடம் இருக்கு மாஸ்டர். நீங்கதான் வேணாம்" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. மாஸ்டர் தட்டோடு வேறு மேசைக்குப் போனார்.

காரில் ஏறியதும் அக்கா அடுத்த வார ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வீடு போய்ச் சேரும்வரை நான்தான் அந்த ஆளைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வந்தேன்.